சீட்டுகளின் மறுவாழ்வு

ஆடித் தேய்ந்த சீட்டுக்கட்டைக் குப்பையில் போட்டுவிடாமல், ஒவ்வொரு சீட்டின் மேலும் வண்ணம் பூசி, ரப்பர் முத்திரைகளால் உருவங்களைப் பதித்து, கையகலக் கலைப்பொருளாக மாற்றும் கைவினை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் பரவலாக வேரூன்றியிருக்கிறது. இதை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆனால் ஆட்டத்துக்கு உதவாத சீட்டை எடுத்து, அதன்மேல் எழுதியோ முத்திரை பதித்தோ வேறொரு பொருளாக்கும் வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அரசு அலுவலகங்களிலும் நூலகங்களிலும் அறிஞர்களின் மேசைகளிலும் நிலவிவந்த ஒன்று. இன்றைய கைவினைஞர்கள் அதை அறிந்தோ அறியாமலோ தொடர்கிறார்கள். சீட்டின் விறைப்பு, கட்டிலுள்ள எல்லாச் சீட்டுக்கும் ஒரே அளவு, எதுவும் அச்சிடப்படாத பின்புறம் ஆகிய மூன்று இயல்புகளே இந்த மறுவாழ்வுக்கு அடிப்படையாக அமைந்தன. அவற்றில் மூன்றாவது இயல்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைந்தபோது பழைய பயன்பாடுகளும் மறைந்தன என்பதும், அதன் பின்னரே சீட்டு முத்திரைக் கலைஞர்களின் கைக்கு வந்தது என்பதும் இந்த வரலாற்றின் சாரம்.

சீட்டு உருவான விதம்

சீட்டாட்டம் ஐரோப்பாவில் 1370களில் திடீரெனத் தலைகாட்டுகிறது. 1377இல் பிளாரன்ஸ் நகர ஆட்சி அதைக் கட்டுப்படுத்தி ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டில் பாசல் நகரைச் சார்ந்த ரைன்பெல்டன் ஜான் என்னும் துறவி சீட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். எகிப்தை ஆண்ட மம்லூக் அரசர்களின் காலத்துச் சீட்டுகளே ஐரோப்பியச் சீட்டுகளுக்கு முன்மாதிரி என்பதை இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் கிடைத்த கையால் தீட்டப்பட்ட கட்டு உறுதிப்படுத்துகிறது. முதலில் செல்வர்களுக்காகக் கையால் வரையப்பட்ட சீட்டுகள், பதினைந்தாம் நூற்றாண்டில் மரக்கட்டை அச்சு பரவியதும் எளியோரின் கைக்கும் எட்டின. உருவத்தின் கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி மற்ற இடங்களைச் செதுக்கி எடுத்த மரப்பலகையில் மை தடவித் தாளில் ஒற்றுவதே மரக்கட்டை அச்சு. வெளியூர்களிலிருந்து வந்து குவிந்த அச்சுச் சீட்டுகளால் உள்ளூர்த் தொழில் நசிந்ததால், அவற்றின் இறக்குமதியை வெனிஸ் ஆட்சி 1441இல் தடைசெய்தது என்பதிலிருந்து இத்தொழில் எவ்வளவு விரைவாக வளர்ந்தது என்பது விளங்கும்.

சீட்டு ஒரே தாளால் ஆனதன்று. தாள்கள் சிலவற்றை மாவுப்பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்துப்பொறியில் வைத்து நீரைப் பிழிந்து, கொடியில் உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பின்னரே அது சீட்டுக்குரிய அட்டையாகும். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு முன்பக்கத்து உருவம் தெரிந்துவிடாதபடி நடுவில் பழுப்புநிற முரட்டுத்தாள் ஒன்றை வைப்பது பிரெஞ்சுத் தொழிலாளரின் வழக்கம். கோடுகள் அச்சில் விழுந்தபின், சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய வண்ணங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வெட்டப்பட்ட ஸ்டென்சிலைத் தாளின்மேல் வைத்துத் தூரிகையால் வண்ணம் ஏற்றப்பட்டது. வண்ணம் படவேண்டிய இடத்தை மட்டும் வெட்டித் திறந்துவிட்ட, எண்ணெய் ஏற்றிய தாளே ஸ்டென்சில். அது சற்றே நகர்ந்தாலும் ராஜாவின் அங்கிக்குரிய சிவப்பு அவர் கன்னத்தில் வழிந்து நிற்கும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டுகள் பலவற்றில் இந்தப் பிசகை இன்றும் காணலாம். திதெரோவும் தாலம்பேரும் பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் சீட்டுத்தொழிலுக்குத் தனிக் கட்டுரையும் படத்தகடுகளும் ஒதுக்கியது. ஆக, பிறந்த நாளிலிருந்தே சீட்டு என்பது அச்சும் வண்ணமும் ஒற்றி எடுக்கப்பட்ட பொருள். முத்திரை பதிக்கும் கலைக்கு அது அயலானதன்று.

பெரும்பாலான நாடுகளில் சீட்டின் பின்புறம் வெறுமையாகவே விடப்பட்டது. செலவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் வெள்ளைப் பின்புறத்தில் விரல் அழுக்கோ கீறலோ மைப்புள்ளியோ பட்டுவிட்டால், எதிரில் இருப்பவர் அந்தச் சீட்டை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார் என்பதால், பணயம் வைத்து ஆடும் இடங்களில் கட்டுகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. இப்படிக் கழிக்கப்பட்ட சீட்டுகள் நகரங்களில் மலிந்து கிடந்தன. நல்ல தாள் விலையுயர்ந்த பண்டமாக இருந்த காலத்தில், ஒருபுறம் வெறுமையாக இருந்த விறைப்பான அட்டை வீணாக விடப்படவில்லை. புத்தகம் கட்டுவோர் அச்சில் பழுதான சீட்டுத்தாள்களை மேலட்டைக்குள் வைத்து ஒட்டினர். மிகப் பழைய சீட்டுகள் சில நமக்குக் கிடைத்திருப்பதே அத்தகைய அட்டைகளைப் பிரித்தபோதுதான். சீட்டின் பின்புறத்தில் பெயர் எழுதி அறிமுக அட்டையாகக் கொடுப்பதும், விருந்துக்கு அழைப்பு எழுதி அனுப்புவதும் பதினெட்டாம் நூற்றாண்டில் இயல்பான பழக்கங்களாக இருந்தன.

அரசின் முத்திரை

சீட்டின்மேல் முதலில் முறையாக முத்திரை பதித்தவர்கள் வரி அலுவலர்கள். இங்கிலாந்தில் 1628இல் முதலாம் சார்லஸ் மன்னரின் பட்டயம் பெற்றுச் சீட்டுத்தொழிலாளர் சங்கம் அமைந்தது. 1711இல் கட்டு ஒன்றுக்கு ஆறு பென்னி வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தியதற்குச் சான்றாகக் கட்டிலுள்ள ஒரு சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் ஏற்பட்டு, காலப்போக்கில் அது இஸ்பேட் ஏஸில் நிலைபெற்றது. 1765 முதல் அந்த ஏஸை முத்திரைத் தீர்வை அலுவலகமே அச்சிட்டுத் தரத் தொடங்கியது. உற்பத்தியாளர் மற்றச் சீட்டுகளை அடித்துக்கொண்டு, ஏஸை வரி கட்டிப் பெற வேண்டும். அந்த ஏஸைப் போலியாக அச்சிடுவது உயிர்த்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் அக்குற்றத்துக்காக 1805இல் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்கக் குடியேற்றங்களில் கிளர்ச்சியை மூட்டிய 1765ஆம் ஆண்டு முத்திரைச் சட்டமும் சீட்டுக்கட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் கேட்டது. பிரிட்டனில் 1862இல் வரி மூன்று பென்னியாகக் குறைந்து, ஏஸை அச்சிடும் உரிமை உற்பத்தியாளருக்கே திரும்பிய பின்னரும், அலங்காரம் நிறைந்த இஸ்பேட் ஏஸ் மறையவில்லை. 1960இல் வரியே ஒழிந்த பிறகும் உற்பத்தியாளரின் பெயரும் சின்னமும் அதே சீட்டில்தான் அச்சாகின்றன.

பணமான சீட்டு

முத்திரையும் கையெழுத்தும் சேர்ந்தால் ஒரு சீட்டின் மதிப்பு எந்த அளவுக்கு மாறும் என்பதற்குக் கனடாவின் வரலாறு மிகத் தெளிவான சான்று. இன்றைய கியூபெக் பகுதியில் இருந்த நியூ பிரான்ஸ் என்னும் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் நாணயம் அடிக்கும் சாலையும் இல்லை, அச்சகமும் இல்லை. படைவீரர்களின் சம்பளத்துக்கான நாணயங்கள் ஆண்டுதோறும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். 1685இல் அந்தப் பணம் வராமல் கருவூலம் வறண்டபோது, குடியேற்றத்தின் நிதிநிர்வாகத்துக்குப் பொறுப்பான ஜாக் தெ மேல், ஊரிலிருந்த சீட்டுகளைத் திரட்டி, அவற்றில் மதிப்பை எழுதிக் கையொப்பமிட்டு, படைவீரர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தார். நான்கு லிவ்ர், நாற்பது சோல், பதினைந்து சோல் என மூன்று மதிப்புகளில் அவை வெளியாயின. லிவ்ர் என்பது அக்காலப் பிரெஞ்சுப் பணம், இருபது சோல் சேர்ந்தது ஒரு லிவ்ர். வணிகர்கள் அவற்றை மறுக்கக் கூடாது என்று ஆணையிடப்பட்டது. ஜூனில் வெளியான சீட்டுகள், கப்பல் வந்ததும் செப்டம்பரில் நாணயம் கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டன.

அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு வசதியாக இருந்ததால் அது திரும்பத் திரும்பக் கையாளப்பட்டது. பிந்தைய வெளியீடுகளில் ஆளுநர், நிதிநிர்வாகி, கருவூல எழுத்தர் ஆகியோரின் கையொப்பங்கள் சேர்ந்தன. எழுத்தறியாதோரும் மதிப்பை அறியும் வகையில் சீட்டுகளின் மூலைகள் வெவ்வேறு விதமாகக் கத்தரிக்கப்பட்டன. ஆனால் பிரெஞ்சு அரசின் போர்ச்செலவு பெருகப் பெருகச் சீட்டுகளின் எண்ணிக்கையும் பெருகி, 1714 அளவில் ஏறத்தாழ இருபது லட்சம் லிவ்ர் மதிப்புள்ள சீட்டுகள் புழக்கத்தில் இருந்தன. 1717இல் அரசு அவற்றை முகமதிப்பில் பாதிக்கே மீட்டுக்கொள்வதாக அறிவித்தபோது, அரசை நம்பி அவற்றைக் கையில் வைத்திருந்த மக்கள் பாதியை இழந்தனர். 1729இல் அம்முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தபோது வெள்ளை அட்டைகளே பயன்பட்டன. தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் வசமிருந்த சூரினாமிலும் 1761இல் இதே வகைச் சீட்டுப்பணம் தோன்றி, 1826 வரை நீடித்தது. சூதாட்டத்தின் கருவி என்று பாதிரிமார் கண்டித்த பொருள், ஒரு கையொப்பத்தின் வலிமையால் ரொட்டியும் விறகும் வாங்கும் பணமாயிற்று.

நூலகத்துக்குள் நுழைந்த சீட்டு

கற்றவர்களும் சீட்டை விட்டுவைக்கவில்லை. மெய்யியலாளர் ரூசோ தம் இறுதி ஆண்டுகளில் தனியே நடந்து திரியும்போது தோன்றிய எண்ணங்களைச் சீட்டுகளில் குறித்துவைத்தார். அவற்றில் 27 சீட்டுகள் சுவிட்சர்லாந்தின் நொஷாத்தெல் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் லூயி லெ சாஜ் தம் சிந்தனைக் குறிப்புகளைச் சீட்டுகளிலேயே எழுதிச் சேர்த்தார்; அவருடைய நினைவாற்றல் குன்றியது என்பதால் தொடங்கிய இப்பழக்கம் ஆயிரக்கணக்கான சீட்டுகளாகப் பெருகியது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய கிப்பன், லொசானில் இருந்த தம் நூல்களுக்குச் சீட்டுகளின் பின்புறத்திலேயே அட்டவணை தயாரித்தார். இவர்கள் எல்லோருக்கும் சீட்டு உவப்பாக இருந்ததற்குக் காரணம் வெளிப்படையானது: கட்டிய நோட்டில் எழுதியதன் வரிசை மாறாது, சீட்டில் எழுதியதை விரும்பியபடி கலைக்கலாம், அடுக்கலாம், இடையில் ஒன்றைச் செருகலாம்.

இந்தத் தனிமனிதப் பழக்கத்தைப் பிரெஞ்சுப் புரட்சி தேசியத் திட்டமாக்கியது. 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, மடங்களின் நூலகங்களும் அரசின் கைக்கு வந்தன. எந்த ஊரில் என்ன நூல் இருக்கிறது என்பதை அறிந்தால்தான் அவற்றைக் காக்கவோ பகிரவோ முடியும் என்ற நிலையில், 1791இல் அரசு நாடெங்கும் ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது. எளிதில் கிடைக்கும், ஒரே அளவாக இருக்கும், பின்புறம் வெறுமையாக உள்ள சீட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். நூலின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் வெளியான இடத்தையும் ஆண்டையும் அவற்றில் எழுத வேண்டும். ஆசிரியர் பெயரின்கீழ் கோடிட்டு அகரவரிசையில் அடுக்க வேண்டும். பிறகு கீழ் இடது மூலையில் ஊசியால் துளைத்து நூலில் கோத்துப் பாரிசுக்கு அனுப்ப வேண்டும் என்று அது விளக்கியது. நீளமான தலைப்புகளுக்கு ஏஸ்களையும் இரண்டுகளையும் ஒதுக்கிவைக்கச் சொன்னது அந்த அறிவுறுத்தலின் நுட்பமான பகுதி: அந்தச் சீட்டுகளின் முன்பக்கத்திலும் எழுத இடம் மிஞ்சியிருக்கும் அல்லவா! 1794க்குள் ஏறத்தாழ 12 லட்சம் சீட்டுகள் பாரிசில் குவிந்தன. அவை முப்பது லட்சம் நூல்களைக் குறித்தன. நாடு முழுவதற்குமான நூற்பட்டியல் என்னும் கனவு நிறைவேறவில்லை என்றாலும், பிற்கால நூலகங்களின் இழுப்பறைகளில் நின்ற அட்டவணை அட்டைகளுக்கு இதுவே முன்னோடி.

அதே புரட்சிக் காலத்தில் சீட்டின் முன்பக்கமும் மாறியது. முடியாட்சி வீழ்ந்தபின் ராஜாவும் ராணியும் ஆட்டத்தில் மட்டும் எப்படி ஆளலாம் என்ற கேள்வி எழ, சில உற்பத்தியாளர்கள் தங்கள் அச்சுக்கட்டைகளில் இருந்த மகுடங்களை உளியால் செதுக்கி நீக்கினர். வேறு சிலர் சுதந்திரம், சமத்துவம் ஆகிய கருத்துகளை உருவகப்படுத்தும் புதிய உருவங்களைப் பொறித்து வெளியிட்டனர்.

இவற்றுக்கு அப்பால், வரலாற்றில் மிகவும் நெஞ்சை உருக்கும் சீட்டுகள் அனாதை இல்லங்களின் ஆவணங்களில் உள்ளன. வறுமையால் குழந்தையை ஆம்ஸ்டர்டாம் இல்லத்தின் வாசலில் விட்டுச்சென்ற தாய்மார் சிலர், ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து, பாதியைக் குழந்தையின் துணியில் குத்திவைத்து, மறுபாதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர். என்றாவது திரும்பி வந்தால், கிழிந்த விளிம்புகள் பொருந்துவதே தாய் என்பதற்குச் சான்று. 1739இல் பட்டயம் பெற்ற லண்டன் அனாதை மருத்துவமனையிலும் இத்தகைய அடையாளப் பொருள்கள் பெறப்பட்டன. ஆவணக்காப்பகத்தில் எஞ்சியிருக்கும் பாதிச் சீட்டுகளில் பல, மறுபாதியைச் சந்திக்கவே இல்லை.

பின்புறம் நிறைந்தது

இவ்வளவு பயன்பாடுகளையும் முடிவுக்குக் கொண்டுவந்தது அச்சுத்தொழிலின் முன்னேற்றமே. லண்டனில் தாமஸ் தெ லா ரூ 1830களின் தொடக்கத்தில் சீட்டுகளைப் பல வண்ணங்களில் பொறியால் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கையும் ஸ்டென்சிலும் செய்த வேலையைப் பொறி துல்லியமாகச் செய்ததுடன், பின்புறத்திலும் மலிவாக அச்சிட முடிந்தது. அழுக்கையும் கீறலையும் மறைக்கும் பூவேலைப் பின்புறங்கள் ஆட்டக்காரர்களுக்குப் பிடித்துப்போயின. அல்ஹாம்ப்ரா அரண்மனையின் அலங்காரங்களை ஆராய்ந்த ஓவன் ஜோன்ஸ் போன்ற வடிவமைப்பாளரே 1840களிலிருந்து தெ லா ரூ நிறுவனத்துக்காக அவற்றை வரைந்தார். மரக்கூழிலிருந்து செய்த தாளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிந்தது. எழுதுவதற்குச் சீட்டில் இடமும் இல்லை, சீட்டைத் தேடவேண்டிய தேவையும் இல்லை என்றானது.

ஆனாலும் சீட்டை ஓவியத்தின் களமாகக் காணும் பார்வை அதற்கு முன்னரே பிறந்திருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் உள்ள ஆர்ட்டின், கிளாவர் முதலிய குறிகளை இடம் மாற்றாமல், அவற்றையே முகமாகவோ தொப்பியாகவோ கேடயமாகவோ கொண்டு முழுச்சித்திரம் வரையும் உருமாற்றச் சீட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெருமோகத்தை உண்டாக்கின. டூபிங்கன் நகரப் பதிப்பாளர் கோட்டா 1805ஆம் ஆண்டுக்கெனச் சீட்டு வடிவப் பஞ்சாங்கமாக வெளியிட்ட கட்டு அவ்வகையில் முன்னோடியானது. ஏற்கெனவே அச்சாகி இருப்பதை அழிக்காமல் அதனோடு இயைந்து வரைவது என்னும் விதி, இன்றைய சீட்டுக் கலைஞர்களும் போற்றும் விதி.

ரப்பர் முத்திரையின் வருகை

சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறையில் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைத்த வடிவம் கொள்கிறது. பல்மருத்துவர்கள் செயற்கைப் பல்லுக்கான அடித்தட்டு வார்க்கப் பயன்படுத்திய சிறு கொதிகலன்களிலேயே 1860களில் அமெரிக்காவில் ரப்பர் முத்திரைகள் வார்க்கப்பட்டன. உலோக முத்திரையைவிட மலிவாகவும், மேடுபள்ளமான தாளிலும் ஒட்டி அழுந்துவதாகவும் இருந்ததால், அது விரைவில் உலகின் ஒவ்வொரு அலுவலக மேசைக்கும் வந்துசேர்ந்தது.

அலுவலகத்தின் அந்தக் கருவியைக் கலைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மன் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ். அவர் 1919இல் அலுவலக முத்திரைகளைத் தாளில் குத்தி, இடையிடையே கோடுகள் வரைந்து, முத்திரைச் சித்திரங்களை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூயார்க்கில் ரே ஜான்சன் கடிதங்கள் வழியே கலைப்பொருள்களைப் பரிமாறிக்கொள்ளும் அஞ்சல்கலையை வளர்த்தபோது, முத்திரை அதன் இன்றியமையாத கருவியாயிற்று. பெரிய கூடமும் விலையுயர்ந்த சாயமும் இல்லாமல், அஞ்சல்தலைச் செலவில் எவரும் கலைஞராகலாம் என்பதே அவ்வியக்கத்தின் கொள்கை. 1970களிலும் 1980களிலும் பூக்களும் பறவைகளும் எழுத்துகளும் செதுக்கிய ரப்பர் முத்திரைகளைக் கைவினைக்கென்றே தயாரிக்கும் சிறு தொழில்கள் அமெரிக்காவில் பெருகின.

முத்திரையும் சீட்டும் மீண்டும் சந்தித்தது சூரிச் நகரில். அங்கே பழைய புத்தகக்கடை நடத்திய கலைஞர் வான்சி ஸ்டிர்ன்மான், தாமே செய்த 1,200 சிறு அட்டைகளை 1997இல் காட்சிக்கு வைத்து, வருவோர் தாமும் ஓர் அட்டை செய்துவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அழைத்தார். அகலம் 64 மில்லிமீட்டர், நீளம் 89 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ள மட்டுமே வேண்டும் என்பவை அடிப்படை விதிகள். அந்த அளவு போக்கர் ஆடும் சீட்டின் அளவே. ஆகவே ஏற்கெனவே வெட்டித் தயாராக இருக்கும் பழைய சீட்டுகளைக் கைவினைஞர்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டது இயல்பாக நிகழ்ந்தது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகள், ஆடிய கட்டுகள் மீண்டும் மேசைக்கு வந்துவிடாதபடி நடுவில் துளையிட்டோ மூலையை வெட்டியோ மலிவாக விற்றுவிடுகின்றன. அவையும் இக்கைவினைக்குப் பெருமளவு பயன்படுகின்றன. நியூ பிரான்சில் மதிப்பைக் காட்டிய மூலைவெட்டு, இங்கே ஆட்டமதிப்பை நீக்கும் அடையாளமாகிவிட்டது.

பழைய சீட்டுக்கும் இன்றைய சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முத்திரை குத்தும்போது கை உடனே உணரும். மாவுப்பசையால் ஒட்டிய பழைய அட்டை மையை உறிஞ்சிக்கொண்டது. இன்றைய சீட்டின் மேலோ வழுக்கிச் செல்வதற்கான பூச்சு உண்டு. பல கட்டுகளில் நுண்ணிய குழிகளும் அழுத்தப்பட்டிருக்கும். நீர் கலந்த மையில் தோய்ந்த முத்திரையை அதன்மேல் வைத்தால், மை உலராமல் வழுக்கி இழுபடும். குழிகளில் மை சேராததால் கோடு புள்ளிபுள்ளியாக உடையும். எனவே முதலில் நைசான உப்புத்தாளால் சீட்டின் பளபளப்பைத் தேய்த்தெடுத்து, ஓவியர்கள் துணியில் பூசும் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளைப்பூச்சை மெல்லிதாகத் தடவி, உலரவிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டி முத்திரை பதிப்பது ஒரு முறை. பூச்சை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் ஆல்கஹால் கலந்த மைகளைச் சொட்டி, கம்பளித்துணியால் ஒற்றிப் பளிங்குக்கல் போன்ற நிறச்சேர்க்கையை உண்டாக்கி, நீரில் கரையாத கறுப்பு மையால் முத்திரை குத்துவது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் பழைய ராணியின் முகம் வண்ணத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். தேர்ந்த கைவினைஞர்கள் அதை மூடிவிடாமல், புதிய உருவத்துக்கு அதையே பின்னணியாக்குகிறார்கள்.

இந்த நெடிய வரலாற்றிலிருந்து ஒரு கடமையும் பிறக்கிறது. நியூ பிரான்சின் முதற்சீட்டுகள் மீட்கப்பட்டதும் அழிக்கப்பட்டன. பிரெஞ்சு நூலகச் சீட்டுகளிலும் மிகுதியானவை சிதறிப்போயின. எஞ்சியவற்றையும் காப்பகங்கள் நெடுங்காலம் எழுத்துள்ள பக்கத்துக்காக மட்டுமே மதித்தன. ஆட்டச்சீட்டின் வரலாற்றை ஆராய்ந்தவர்களோ உருவமுள்ள பக்கத்தை மட்டுமே பார்த்தனர். இரு பக்கங்களையும் ஒருசேரப் பதிவுசெய்தால்தான் ஒரு சீட்டு யார் கையில் ஆட்டப்பொருளாக இருந்து, யார் கையில் ஆவணமாயிற்று என்பது விளங்கும். இன்று முத்திரைக்கலையில் ஈடுபடுவோரும் இதை மனத்தில் கொள்வது நல்லது. வீட்டில் கிடைக்கும் பழைய கட்டை உப்புத்தாளால் தேய்ப்பதற்கு முன், அதன் இஸ்பேட் ஏஸில் வரிக்குறிப்பு இருக்கிறதா, மூலைகளில் எண்கள் இல்லாத பழைய அச்சா, பின்புறம் வெறுமையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய கட்டு குறைவின்றி இருந்தால் அதைத் தொடாமல் பாதுகாக்க வேண்டும். ஒரு சீட்டு தொலைந்து ஆட்டத்துக்கு உதவாமல் போன அண்மைக்காலக் கட்டுகள் எந்த ஊரிலும் ஏராளமாகக் கிடைக்கும்; முத்திரை பதிப்பதற்கு அவையே போதும்.